பேட்டில்ஃபீல்ட்: வந்த நாளில் திட்டு, கைவிட்ட பிறகு பாராட்டு. உங்க அனுபவம் எப்படி?

டாங்க்காரன்:

பேட்டில்ஃபீல்ட் என்கிற போர் வீடியோ கேம் தொடரில் வந்த பேட்டில்ஃபீல்ட் 6, முதல் மூன்று நாளில் 70 லட்சம் பிரதிகள் விற்றதாக அதை வெளியிடும் இஏ கம்பெனி அறிவித்தது. கணினி கேம்கள் விற்கும் ஸ்டீம் தளத்தில் மட்டும் ஒரே நேரத்தில் 7 லட்சத்து 47 ஆயிரம் பேர் உள்ளே இருந்தார்கள். இதற்கு முந்தைய பாகமான 2042 அதே ஸ்டீமில் வாங்கிக் கட்டிக்கொண்டதை நினைத்தால், இரண்டும் ஒரே தொடர்தானா என்று சந்தேகம் வரும். 2002-ல் வந்த 1942 காலத்திலிருந்து ஆடுகிறவன் நான். ஏற்ற இறக்கம் பழகிவிட்டது. ஆனால் ஒன்று மட்டும் விடாமல் கண்ணில் படுகிறது. ஒரு கேம் மேல் நமக்குப் பாசம் வருகிற நேரமும், கம்பெனி அதில் காசு பார்க்கிற நேரமும் இந்தத் தொடரில் ஒத்துப்போவதே இல்லை.

பேட்டில்ஃபீல்ட் 4-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 2013 அக்டோபர் கடைசியில் வந்தது. ஷாங்காய் மேப்பில் (ஆட்டக்களத்தில்) அந்த வானளாவிய கட்டடம் சரிந்து விழுவதைப் பார்த்து எல்லாரும் வாயைப் பிளந்தோம். அதற்கப்புறம்தான் கூத்து. சுவருக்குப் பின்னால் ஓடி ஒளிந்த பிறகும் சாவோம். ஒரே தோட்டாவின் சேதம் பலமுறை கணக்காகி, முழு உயிரோடு நிற்பவன் பொத்தென்று விழுவான். கேமை உருவாக்கிய டைஸ் ஸ்டுடியோ மற்ற வேலைகளை நிறுத்திவைத்து இதைச் சரிசெய்ய உட்கார்ந்தது. இஏ பங்குதாரர்கள் சிலர் வழக்கே போட்டார்கள். 2014-ல் அது தள்ளுபடியானது.

அதே 2014-ல் டைஸ் ஒரு சோதனை சர்வரைத் திறந்தது. நம்மையே உள்ளே விட்டு, பேட்ச்களை, அதாவது திருத்தங்களை, ஆடிப் பார்க்கச் சொன்னார்கள். அங்கே ஆடிய ஆட்டம் இன்னும் ஞாபகம் இருக்கிறது. ஒரு வாரம் துப்பாக்கியின் உதறல் ஒரு மாதிரி இருக்கும், அடுத்த வாரம் வேறு மாதிரி. எழுதிப் போட்டால் மாற்றுவார்கள். 2015-ல் 4 கிட்டத்தட்ட குறையில்லாத கேம். ஆனால் அந்த வருஷம் மார்ச்சில் கம்பெனி அடுத்த பாகமான ஹார்ட்லைனை விற்றுக்கொண்டிருந்தது! போலீஸ், திருடன் கதை. நாங்கள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை, 4-லேயே கிடந்தோம்.

உங்கள் கதைகளைச் சொல்லுங்கள். எந்தப் பாகத்தில் வந்தீர்கள், எப்போது விட்டீர்கள், ஏன் திரும்பினீர்கள்?

ஜெட் ஓட்டி:

நான் வந்தது 3-ல். கேஸ்பியன் பார்டர் மேப். பின்னால் ஒருத்தன் ஒட்டிக்கொண்டு விடமாட்டேன் என்கிறான். நேர் மேலே ஏறி, ஜெட்டிலிருந்து வெளியே குதித்து, காற்றில் இருந்தபடியே ராக்கெட் லாஞ்சரை எடுத்து அவன் ஜெட்டை அடித்து, விழும்போதே என் ஜெட்டுக்குள் திரும்ப ஏறினால் எப்படி இருக்கும்? எனக்கு அந்தக் கடைசிப் பாதி நடக்கவில்லை. அவனும் போனான், நானும் தரையில் விழுந்தேன், என் ஜெட் மலையில் மோதியது. அந்த ஒரு ஆட்டத்துக்காகவே வருஷக்கணக்கில் ஆடினேன்.

3 முதல் வாரத்திலேயே 50 லட்சம் விற்றது, தெரியும்தானே? அது மட்டும்தான் ஆரம்பத்திலிருந்தே நன்றாக ஓடியது என்று நினைக்கிறேன். டாங்க்காரன் சொல்கிற விதிக்கு விலக்கு.

மெடிக்:

என் கதை ஐந்தாம் பாகம். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2018 மே மாதம் முதல் டிரெய்லர் வந்ததும் இணையமே ரெண்டுபட்டது. இரண்டாம் உலகப் போரில் செயற்கைக் கையோடு ஒரு பெண் வீரர் என்று ஒரு பக்கம் கூச்சல். அப்போது இஏ-வில் பெரிய பொறுப்பில் இருந்த பேட்ரிக் சோடர்லுண்ட், பிடிக்காதவர்கள் வாங்க வேண்டாம் என்கிற தொனியில் பேட்டி கொடுத்துவிட்டார். நிறைய பேர் சொன்னபடியே வாங்கவில்லை! அக்டோபரில் வர வேண்டியது நவம்பர் 20-க்குத் தள்ளிப்போனது. அந்த ஆண்டு முடிவில் 73 லட்சம் விற்றிருந்தது. எதிர்பார்த்ததைவிட சுமார் 10 லட்சம் குறைவு என்று இஏ முதலீட்டாளர்களிடம் ஒப்புக்கொண்டது. வந்த சில நாட்களிலேயே விலையும் சரிந்தது, முதல் நாள் வாங்கியவனுக்கு வயிறு எரியத்தானே செய்யும்.

ஆனால் கேமுக்குள் என்ன இருந்தது தெரியுமா? கையில் கொஞ்சம் தோட்டாதான். தீர்ந்தால் பக்கத்தில் இருப்பவனிடம்தான் வாங்க வேண்டும். ஸ்குவாட்டில் (நம் சிறு குழுவில்) யார் விழுந்தாலும் யாரும் தூக்கிவிடலாம், மெடிக் (மருத்துவ வீரர்) என்றால் வேகமாகத் தூக்கலாம். இடிந்த சுவரில் மணல்மூட்டை அடுக்கலாம். ஆள் அறியாதவர்களோடு சேர்ந்து ஆடுகிற கேமில் ஒருவரை ஒருவர் நம்ப வைத்த பாகம் இதுதான். இதை யாரும் விளம்பரத்தில் சொல்லவே இல்லை.

2019 அக்டோபர் 31-ல் பசிபிக் மேப்கள் வந்தன. ஐவோ ஜீமா கடற்கரையில் இறங்கினால் முழுக்கப் புகை. நானே ரெண்டு புகைக்குண்டு போட்டு, அதற்குள் தவழ்ந்து, ஊசி குத்தி எழுப்பி, அடுத்தவனிடம் ஓடி… நான் ஒரு தோட்டா சுடவில்லை, ஸ்கோர்போர்டில் ஸ்குவாட்டில் முதலாவது. நான் எழுப்பியவர்களில் ஒருவன் நேராகப் போய் ஃப்ளேம்த்ரோவரை எடுத்து பதுங்குகுழியைக் காலி செய்தான். விட்டுப் போன பழைய ஆட்கள் எல்லாம் அன்றைக்கு வரிசையாகத் திரும்பி வந்திருந்தார்கள்.

டிசம்பரில் ஒரு பேட்ச். ஆளைச் சாய்க்க எத்தனை தோட்டா என்கிற கணக்கையே மாற்றிவிட்டார்கள். முந்தின வருஷ டிசம்பரிலும் இதையே செய்து, எதிர்ப்பு கிளம்பி, பின்வாங்கியவர்கள். கை பழகிய துப்பாக்கி ஒரே இரவில் வேறு துப்பாக்கியாகிவிட்டது. திரும்பி வந்தவர்கள் திரும்பப் போனார்கள். 2020 ஏப்ரலில், கோடையோடு புது வரவு முடிகிறது என்று அறிவிப்பு. சோவியத் முனையும் வரவில்லை, நார்மண்டி தரையிறக்கமும் வரவில்லை.

இதில் வேடிக்கை, 2042 வந்த பிறகு ஸ்டீமில் ஐந்தாம் பாகத்தை ஆடியவர்கள் எண்ணிக்கை புதுசைத் தாண்டிப்போன நாட்கள் உண்டு.

விசில்:

பேட்டில்ஃபீல்ட் 1 பற்றி யாரும் பேசவில்லையா? முதல் உலகப் போரை யார் ஆடுவார்கள் என்று இஏ-வுக்குள்ளேயே தயக்கம் இருந்ததாம். 2016 மே மாதம் டிரெய்லருக்கு விழுந்த லைக் யூடியூபில் சரித்திரம். அதே வாரம் எதிரி கம்பெனியின் கால் ஆஃப் டூட்டி டிரெய்லருக்கு லட்சக்கணக்கில் டிஸ்லைக்.

கிராப்பா மலையில் தாக்குகிற பக்கம். விசில் ஊதியதும் எல்லாரும் கத்திக்கொண்டே மலையேறுவோம். மேலே வான்கப்பல் தீப்பிடித்து, எலும்புக்கூடாகி, எரிகிற துண்டுகளோடு மெதுவாக நம் தலைக்கு நேரே இறங்கும். சுடுகிற இரு பக்கமும் ஒரு நொடி சுடுவதை விட்டுவிட்டு ஓடுவோம். எதிரிகூட என் பக்கத்திலேயே ஓடினான். அவனை நான் சுடவில்லை. அவனும் சுடவில்லை.

ஒரு வயிற்றெரிச்சலும் உண்டு. பேட்டில்ஃபீல்ட் 1 வந்தது அக்டோபர் 21. இஏ தன்னுடைய டைட்டன்ஃபால் 2-ஐ அடுத்த வாரமே, 28-ம் தேதி, வெளியிட்டது. அதற்கடுத்த வாரம் கால் ஆஃப் டூட்டி. நடுவில் மாட்டிய டைட்டன்ஃபால் 2 நசுங்கியது. அவ்வளவு நல்ல கேமைச் சொந்த வீட்டுக்காரர்களே மிதித்தார்கள்.

ஸ்கோர்போர்டு எங்கே:

2042 பற்றி எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன்.

எங்கள் கூட்டம் 4-ல் சேர்ந்தது. ராத்திரியானால் வாய்ஸ் சேனலில் கூடுவோம். 2021 நவம்பரில் எல்லாரும் ஒன்றாக இறங்கினோம். 128 பேர் ஆடும் மேப். ஹவர்கிளாஸில் பாலைவனத்தில் ஓடுகிறோம், ஓடுகிறோம், ஓடிக்கொண்டே இருக்கிறோம். மறைய ஒரு கல் இல்லை. கொடிக்குப் போய்ச் சேரும்போது தூரத்து மலையிலிருந்து ஒரு குண்டு. மறுபடி ஓட்டம்.

ஆட்டம் முடிந்தால் யார் எத்தனை எடுத்தான் என்று பார்க்க முழு ஸ்கோர்போர்டு கிடையாது. 2022 மார்ச்சில்தான் வந்தது. கேமுக்குள் வாய்ஸ் சாட் வர அதற்கும் மேல் ஆனது. மெடிக் மாதிரி நாலு வீரர் வகுப்புக்குப் பதிலாகப் பத்து ஸ்பெஷலிஸ்ட், தனிப் பெயரும் முகமும் கொண்ட பாத்திரங்கள். ரெண்டு பக்கமும் அதே பத்து முகம். முன்னால் நிற்பவன் நம்மாளா எதிராளியா என்று தலைக்கு மேலே நிறத்தைப் பார்த்துத்தான் சுட வேண்டும். ஊரே எரிந்து சாம்பலாகி ஆட்டம் முடிந்தால், ஜெயித்தவர்கள் ஸ்டைலாக நின்று ஜோக் அடிப்பார்கள். கால் ஆஃப் டூட்டி, அபெக்ஸ் என்ற மற்ற கேம்களைப் பார்த்து எழுதிய பரீட்சை அது.

புது வரவோடு முதல் சீசன் 2022 ஜூனில். ஏழு மாதம் காலி மேஜை. எங்கள் கூட்டம் அதற்குள் கலைந்துவிட்டது. சண்டையெல்லாம் இல்லை, ஒவ்வொருத்தராக வருவதை நிறுத்தினோம். 2023-ல் வகுப்புகளைத் திரும்பக் கொண்டுவந்தார்கள், மேப்களில் மறைவிடம் சேர்த்தார்கள், கேம் நன்றாகவே ஆனது. யாரைக் கூப்பிட்டு ஆடுவது?

கணக்குப்பிள்ளை:

எல்லாரும் உருகுகிறீர்கள், கொஞ்சம் கணக்கும் பேசுவோம். மூன்றாம் வருஷம் வந்து பாராட்டுகிறவர்களில் பாதிப் பேர் தள்ளுபடியில் வாங்கியவர்கள். 60 டாலர் கொடுத்தவன் திட்டுவான், 5 டாலர் கொடுத்தவன் பொக்கிஷம் என்பான். உங்கள் பாசம் உண்மைதான், ஆனால் அதில் சம்பளம் போட முடியாது. டாங்க்காரன் சொல்கிற அந்த இரண்டு நேரங்கள் ஒத்துப்போகாததற்கு இதுவும் காரணம்.

பழைய பிரீமியம் முறையை மறந்துவிட்டீர்களா? 4-ல் ஐந்து மேப் தொகுப்பு, மொத்தமாக 50 டாலர். கம்பெனிக்கு முன்கூட்டியே கைநிறையக் காசு. விளைவு, வாங்கியவன் ஒரு சர்வரில், வாங்காதவன் வேறு சர்வரில். நேவல் ஸ்ட்ரைக் மேப்பில் அலைமேல் படகோட்டி ஆட எனக்கு உயிர். சர்வர் பட்டியலைத் திறந்தால் ஈ ஓட்டும். ஐந்தாம் பாகத்தில் பிரீமியத்தை எடுத்துவிட்டு மேப்களை இலவசமாகக் கொடுத்தார்கள். ஆட்கள் பிரியவில்லை, ஆனால் ஸ்கின் விற்றுத்தான் காசு வர வேண்டும், இரண்டாம் உலகப் போர் சிப்பாய்க்கு எத்தனை சட்டை விற்க முடியும்? மேப்கள் சொட்டு சொட்டாக வந்ததற்கு இதற்குமேல் காரணம் தேட வேண்டாம் என்பது என் கட்சி.

2042 சறுக்கலுக்குப் பிறகு தொடரின் பொறுப்பு வின்ஸ் ஸாம்பெல்லாவிடம் போனது. கால் ஆஃப் டூட்டியை உருவாக்கியவர்களில் ஒருவர்! கதைப் பகுதிக்கென்று தொடங்கிய ரிட்ஜ்லைன் ஸ்டுடியோவை 2024 பிப்ரவரியில் மூடினார்கள். அப்போது இஏ முழுக்க சுமார் 670 பேருக்கு வேலை போனது. மிஞ்சிய நாலு ஸ்டுடியோ சேர்ந்து 6-ஐச் செய்து முடித்தன. அது வெளிவர ரெண்டு வாரத்துக்கும் குறைவாக இருக்கும்போது, சவூதி அரசின் முதலீட்டு நிதி உள்ளிட்ட கூட்டணி 5,500 கோடி டாலருக்கு இஏ-வை வாங்குவதாக அறிவிப்பு. அதில் 2,000 கோடி கடன். அந்த வட்டியை யார் கட்டப்போகிறார்கள்? கேமுக்குள் கடையைத் திறந்து பாருங்கள், விடை தெரியும்.

மெடிக்:

கணக்குப்பிள்ளை அண்ணே, ஐந்தாம் பாகத்தை நான் முழு விலைக்குத்தான் வாங்கினேன். அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

செக்யூர் பூட்:

நான் இந்தத் தொடருக்கே புதுசு. 2025 ஆகஸ்டில் 6-க்கு ஓபன் பீட்டா (எல்லாரும் ஆடிப் பார்க்கும் சோதனைப் பதிப்பு) வந்தது, ஸ்டீமிலேயே 5 லட்சம் பேருக்கு மேல். உள்ளே போக விட்டால்தானே! ஏமாற்றுக்காரர்களைத் தடுக்கும் மென்பொருளுக்கு, கணினி தொடங்கும்போதே காவல் காக்கிற செக்யூர் பூட் வசதி இயங்க வேண்டுமாம். கணினியின் அடிப்படை அமைப்பான பயாஸில் போய் இயக்கினால் கணினி விண்டோஸையே தூக்கவில்லை. ஹார்ட் டிஸ்க் பழைய முறையில் பிரித்திருந்தது, அதை முதலில் மாற்றி, பிறகு பயாஸில் இன்னொன்றை அணைத்து… ஒரு ராத்திரி போச்சு. கேம் ஆட வந்தவன் கணினி ரிப்பேர் கற்றுக்கொண்டேன்.

ஆனால் முதல் ஆட்டமே கெய்ரோ தெரு. அடிபட்டு நடுத்தெருவில் கிடக்கிறேன், கத்துகிறேன். முன்பின் தெரியாத ஒருவர் ஓடிவந்து என் சட்டையைப் பிடித்து, பின்னால் சுட்டுக்கொண்டே, என்னை இழுத்துக்கொண்டு போய்க் கடை வாசலுக்குள் தள்ளி எழுப்பினார். இந்த இழுத்துப்போகும் வசதி 6-ல்தான் வந்தது என்று பிறகு தெரிந்தது. எழுந்த அடுத்த நிமிஷம் அவர் செத்தார். நான் போய் இழுத்தேன். மேப் சிறுசு, சவால்கள் முடிக்க ரொம்ப நேரம் ஆகிறது என்று எல்லாரும் குறை சொல்கிறார்கள், சரிதான். எனக்கு இழுப்பது போதும்.

ஒரு சந்தேகம்: பழைய பாகங்களில் இப்போது எதை வாங்கினால் ஆள் இருப்பார்கள்?

டாங்க்காரன்:

செக்யூர் பூட் தம்பி, பேட்டில்ஃபீல்ட் 1-ஐயும் ஐந்தையும் எடு. சர்வர் பட்டியலைப் பார்த்து நீயே சர்வரைத் தேர்ந்தெடுக்கலாம். மாலை, வார இறுதி என்றால் 64 பேரும் நிறைந்த சர்வர் பெரும்பாலும் கிடைக்கும். நமக்குப் பக்கத்து சர்வரில் கூட்டம் குறைவு, ஐரோப்பாவுக்குப் போக வேண்டியிருக்கும், பிங் (தகவல் போய்வரும் தாமதம்) கொஞ்சம் ஏறும். ரெண்டுக்கும் 2024-ல் அந்தத் தடுப்பு மென்பொருளைப் போட்டுவிட்டார்கள். அதனால் லினக்ஸிலோ ஸ்டீம் டெக்கிலோ ஆன்லைன் ஆட முடியாது, விண்டோஸ் வேண்டும். முழு விலைக்கு வாங்காதே, தள்ளுபடி அடிக்கடி வரும். ஐந்தில் முதலில் மெடிக்கை எடு, புகைக்குண்டு எப்படிப் போடுவது என்று மேலே ஒருத்தர் எழுதியிருக்கிறார், அவரையே கேள்.