இடது கைப் பிள்ளைக்குக் கிட்டார்: ஆல்பர்ட் கிங் எப்படிச் சமாளித்தார்?

அஸ்தம்பட்டி அப்பா:
என் மகளுக்கு இடது கைப் பழக்கம். இங்கே சேலத்தில் ஒரு கிட்டார் வகுப்பில் சேர்த்திருக்கிறேன், மாஸ்டர் எல்லாரையும் போல வலது கைப்பிடியில்தான் வாசிக்கச் சொல்கிறார், இவள் வீட்டுக்கு வந்ததும் திருப்பிப் பிடித்துக்கொள்கிறாள். அமெரிக்க ப்ளூஸ் கிட்டார் கலைஞர் ஆல்பர்ட் கிங் கடைசி வரை அப்படித்தான் வாசித்தாராமே? அவரைப் பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஏற்காடு ரசிகன்:
உண்மைதாங்க. தந்திகளை மாற்றிக் கட்டாமல் அப்படியே தலைகீழாகப் பிடித்தார், தடித்த தந்தி கீழே, மெல்லியது மேலே. மற்றவர்கள் மேலே தள்ளி வளைக்கிற மெல்லிய தந்தியை இவர் கீழ்நோக்கி இழுத்தார், சுருதியையும் தளர்த்தி வைத்திருந்தார், அதனால் ஒரே தந்தியை இழுத்தே ஸ்வரம் விட்டு ஸ்வரம் போவார், வீணையில் கமகம் பிடிக்கிற மாதிரி. தந்தியை மீட்டுகிற பிக் என்ற சின்னத் தகடு கிடையாது, கட்டைவிரல்தான். அவருடையது வி வடிவக் கிட்டார், அதைத் திருப்பினாலும் மேல் ஸ்தாயிக்குக் கை எட்டும்.

1923இல் மிசிசிப்பியில் பிறந்தவர், இயற்பெயர் ஆல்பர்ட் நெல்சன். ஆர்கன்சாவில் பருத்தி எடுத்திருக்கிறார், புல்டோசர் ஓட்டியிருக்கிறார், ஜிம்மி ரீட் என்ற ப்ளூஸ் பாடகருக்கு டிரம்ஸ்கூட வாசித்திருக்கிறார். 1966இல் மெம்ஃபிஸில் ஸ்டாக்ஸ் என்ற இசைத்தட்டு நிறுவனத்துக்கு வந்தபோது வயது நாற்பதைத் தாண்டிவிட்டது! அடுத்த வருடம் வந்த இசைத்தட்டில் புக்கர் டி குழு பின்னணி வாசித்தது, எரிக் கிளாப்டன் உட்பட ராக் கிட்டார்காரர்கள் அதைக் கேட்டுத்தான் இவரைப் பின்பற்றினார்கள். 1968இல் சான் பிரான்சிஸ்கோவின் ஃபில்மோர் அரங்கில் ஹிப்பி இளைஞர்கள் முன்னால் வாசித்தார். 1992இல் மெம்ஃபிஸில் மாரடைப்பால் இறந்தார். பாப்பாவைத் தடுக்காதீங்க.

ஐந்து ரோடு வாத்தியார்:
தம்பி சொன்னதெல்லாம் சரி, ஆனால் ஒன்றை விட்டுவிட்டார். ஆல்பர்ட் கிங் பெரும்பாலும் ஒற்றைத் தந்தியில் பாடுகிற மாதிரி வாசித்தவர், பல தந்திகளைச் சேர்த்து ஒலிக்கிற கார்டுகளை அதிகம் வாசிக்கவில்லை. பாப்பா கார்டு பிடித்துப் பாட ஆசைப்பட்டால் தலைகீழ்ப் பிடியில் விரல் அமைப்பு எல்லாமே மாறும், புத்தகமும் உதவாது, மாஸ்டரும் திணறுவார். அதற்கு இடது கைக் கிட்டாரே வாங்கிவிடுங்கள். இல்லையென்றால் இருக்கிற கிட்டாரில் நட்டை (கழுத்தின் மேல்முனையில் தந்திகள் பதிகிற பள்ளங்கள் உள்ள சின்னப் பட்டை) மாற்றி, தந்திகளை எதிர் வரிசையில் கட்டித் தரச் சொல்லுங்கள், அப்புறம் தடித்த தந்தி மேலே வந்துவிடும்.

ஏற்காடு ரசிகன்:
ஐயா சொல்வது நியாயம். எதற்கும் 1983இல் கனடா தொலைக்காட்சிக்காக ஸ்டீவி ரே வான் என்ற ப்ளூஸ் கிட்டார்காரரும் ஆல்பர்ட் கிங்கும் சேர்ந்து வாசித்ததைப் பாப்பாவுக்குப் போட்டுக் காட்டுங்கண்ணா. ஒருவர் வலது கை, ஒருவர் இடது கை, விரல்கள் எந்தப் பக்கம் இழுக்கின்றன என்று அதில் நன்றாகத் தெரியும்.