எண்ணெய் நாட்டில் பெட்ரோல் வரிசை: ஈரானில் நாங்கள் பார்த்தவை

தெஹ்ரானில் வேலை பார்த்தவர்

ஈரான் என்று பேச்செடுத்தாலே, "தரைக்கடியில் அவ்வளவு எண்ணெய் கிடக்கிறதே, அவர்களுக்கு அணு உலை எதற்கு?" என்று கேட்கிறார்கள். சில ஆண்டுகள் அங்கே வாழ்ந்தவன் என்ற முறையில் நான் கண்டதை எழுதுகிறேன். அந்தப் பக்கம் இருந்த மற்றவர்களும் எழுதுங்கள்.

2007 ஜூன் 26, செவ்வாய் இரவு. நள்ளிரவு முதல் பெட்ரோலுக்குப் பங்கீடு என்று தொலைக்காட்சியில் அறிவித்தார்கள். அதற்கு இரண்டு மணி நேரம்தான் இருந்தது. தனியார் காருக்கு மாதம் 100 லிட்டர், அவ்வளவுதான். சற்று நேரத்தில் எங்கள் தெருவில் நின்ற கார்கள் அத்தனையும் பெட்ரோல் பங்க்கை நோக்கிக் கிளம்பிவிட்டன. காருக்குள் கணவன் காத்திருக்க, மனைவி கையில் கேனோடு முன்னால் ஓடி ஊழியரிடம் கெஞ்சியதைப் பார்த்தேன். அன்றிரவு நகரில் பல பங்க்குகளுக்குத் தீ வைத்தார்கள். புனாக் பகுதியில் ஒன்று எரிந்தது என்று விடிவதற்குள் ஊர் முழுக்கப் பேச்சு.

அங்கே டாக்சியைப் பலர் பங்கிட்டுக்கொண்டு போவார்கள். முன்பின் தெரியாதவர்கள் இடித்துக்கொண்டு உட்கார்ந்து அரசியல் பேசுவார்கள். பங்கீடு வந்த சில நாளில் பழைய பய்கான் கார் ஒன்றில் ஏறினேன். பெட்ரோலைக் குடித்துத் தீர்க்கும் வண்டி அது. ஓட்டுநருக்கு ஐம்பது வயது தாண்டியிருக்கும். அரசாங்கத்தை வழிநெடுகத் திட்டிக்கொண்டே வந்தார். எண்ணெயை ஏற்றுமதி செய்துவிட்டு அதே எண்ணெயிலிருந்து வடித்த பெட்ரோலை வெளியிலிருந்து வாங்குகிறோமே, இதைவிட வெட்கம் உண்டா என்றார். அவர் சொன்னது உண்மை. அப்போது ஈரான் தன் பெட்ரோல் தேவையில் ஏறத்தாழ 40 சதவீதத்தை இறக்குமதி செய்துகொண்டிருந்தது.

பின்னால் இருந்த இளைஞர் ஒருவர் 50,000 ரியால் தாளை நீட்டினார். அந்த ஆண்டு மார்ச்சில்தான் அந்தத் தாள் வந்திருந்தது; பின்பக்கம் ஈரான் வரைபடத்தின் மேல் அணுவின் சின்னம் அச்சிட்டிருப்பார்கள். அதைக் காட்டி, இதற்குச் செலவழிக்காமல் சுத்திகரிப்பு ஆலை கட்டியிருக்கலாமே என்றார் இளைஞர். இவ்வளவு நேரம் ஆட்சியைக் கிழித்துக்கொண்டிருந்த ஓட்டுநருக்குக் கோபம் அந்த இளைஞர் மேல் திரும்பியது. எண்ணெய் ஒருநாள் தீரும், அப்போது என் பேரன் எதை எரிப்பான், பாகிஸ்தானும் இந்தியாவும் வைத்திருக்கலாம், எங்களுக்கு மட்டும் கூடாது என்று சொல்ல அமெரிக்கா யார் என்று கேட்டார். என்னைத் திரும்பிப் பார்த்தும் கேட்டார். நான் இந்தியன் என்பது அவருக்குத் தெரியும். என்னிடம் பதில் இல்லை.

வெளியிலிருந்து எழுதுகிறவர்கள் பலரும் ஈரானியர் ஒன்று ஆட்சியின் பக்கம், இல்லையென்றால் எதிர்ப்பக்கம் என்று பிரித்துவிடுகிறார்கள். நான் பழகியவர்களில் பெரும்பாலோர் அந்த ஓட்டுநரைப் போலத்தான் இருந்தார்கள். பெட்ரோல் வரிசைக்காக ஆட்சியைச் சபிப்பார்கள், அணுசக்திக்காக நெஞ்சை நிமிர்த்துவார்கள்.

பெட்ரோல் ஏன் இல்லை என்பதற்கு ஒற்றைக் காரணம் கிடையாது. அபதான் நகரின் சுத்திகரிப்பு ஆலை 1912 முதல் ஓடியது, ஒரு காலத்தில் உலகிலேயே பெரியது. 1980இல் ஈராக் போர் தொடங்கியதும் குண்டுவீச்சில் நாசமானது. அதன் பிறகு சுத்திகரிப்புத் திறன் மெதுவாக வளர, கார்கள் பன்மடங்கு பெருகின. லிட்டர் 1,000 ரியாலுக்கு, பாட்டில் தண்ணீரைவிட மலிவாக விற்றார்கள். யார் சிக்கனம் பார்ப்பார்கள்? 2010இல் ஈரானுக்குப் பெட்ரோல் விற்பவர்களையே தண்டிக்கும் சட்டத்தை அமெரிக்கா கொண்டுவந்தபோது, பெட்ரோகெமிக்கல் ஆலைகளில் தரம் குறைந்த பெட்ரோல் தயாரித்துச் சமாளித்தார்கள். அந்தக் குளிர்காலத்துத் தெஹ்ரான் புகையைச் சுவாசித்தவன் நான். பந்தர் அப்பாஸில் புதிய பெரிய ஆலை 2017இல் ஓடத் தொடங்கிய பிறகுதான் நிலைமை மாறியது. பிறகு வேறு நெருப்பு. 2019 நவம்பரில் ஒரே இரவில் பங்கீட்டு விலையை 50 சதவீதம் ஏற்றினார்கள், அதற்கு மேல் போடுவதற்கு மூன்று மடங்கு. தெருவில் இறங்கியவர்களைச் சுட்டார்கள். 300 பேருக்கு மேல் கொல்லப்பட்டதாக மனித உரிமை அமைப்பான அம்னஸ்டி பதிவு செய்தது. இணையத்தைத் துண்டித்திருந்ததால் என் பழைய சக ஊழியர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்றுகூடப் பல நாள் தெரியாமல் தவித்தேன்.

கூடங்குளத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்

தெஹ்ரான் நண்பர் எழுதியதைப் படித்ததும் எனக்கு ஈரானின் புஷெஹர் அணுமின் நிலையத்துக்காரர்கள் நினைவு வந்தது. ரஷ்யாவில் பயிற்சிக்குப் போயிருந்தபோது அவர்களும் அங்கே இருந்தார்கள். நமக்கும் அவர்களுக்கும் ஒரே குடும்பத்து உலை, விவிஇஆர் 1000 என்ற ரஷ்ய வகை. ஆனால் நாம் வெறும் நிலத்தில் தொடங்கினோம். அவர்கள் ஜெர்மானியர் பாதியில் விட்டுப்போன கட்டடத்துக்குள் ரஷ்ய உலையைப் பொருத்த வேண்டியிருந்தது. பிறருக்காக அளவெடுத்துத் தைத்த சட்டையைப் போட்டுக்கொள்வதைப் போன்ற வேலை அது. 1975இல் தொடங்கியது, 1979 புரட்சியில் நின்றது, ஈராக் விமானங்கள் பலமுறை குண்டு போட்டன, 1995இல் ரஷ்யாவோடு ஒப்பந்தம், 2011 செப்டம்பரில்தான் மின்சாரம் வந்தது.

அவர்களில் ஒருவருடைய தந்தை ஜெர்மானியர் காலத்தில் அதே கட்டடத்தில் கொத்தனாராக இருந்தவர். தந்தை ஊற்றிய கான்கிரீட்டுக்குள் தான் உலை ஓட்டப் போவதாக அவர் சொன்னபோது அவர் முகத்தில் இருந்த பூரிப்பை நான் மதிக்கிறேன். அணுமின்சாரத்தில் என் வாழ்நாள் உழைப்பு இருக்கிறது. ஈரானுக்கு அது கூடாது என்று சொல்பவன் அல்ல நான்.

ஆனால் ஒன்றை நேராகச் சொல்ல வேண்டும். புஷெஹருக்கு எரிபொருள் ரஷ்யாவிலிருந்து வருகிறது, எரிந்து முடிந்தது ரஷ்யாவுக்கே திரும்புகிறது. எங்கள் வகை உலைக்கு யுரேனியத்தில் 5 சதவீதத்துக்கும் குறைந்த செறிவு போதும். 2021 முதல் அவர்கள் 60 சதவீதம் வரை செறிவூட்டினார்கள். அது அணுகுண்டை நெருங்கும் அளவு, அதனால் எந்த வீட்டிலும் விளக்கு எரியாது. அதே நாட்டில் 2024 டிசம்பரில் எரிவாயு போதாமல் பள்ளிகளையும் அலுவலகங்களையும் மூடினார்கள், மின்நிலையங்களில் கசடு எண்ணெயை எரித்தார்கள். உலகின் இரண்டாவது பெரிய எரிவாயு இருப்பு உள்ள நாடு! பழைய ஆலைகளைப் புதுப்பிக்கவும் எரிவாயுக் களங்களில் முதலீடு செய்யவும் வேண்டிய பணமும் தொழில்நுட்பமும் செறிவூட்டலை ஒட்டி வந்த பொருளாதாரத் தடைகளால் வராமல் போயின. செறிவூட்டலும் உரிமை என்று அந்தக் கொத்தனாரின் மகன் இன்றும் வாதிடலாம். நான் அவரோடு உட்கார்ந்து விடிய விடியச் சண்டை போடுவேன்.

சாபஹார் துறைமுகத்தில் இருந்தவர்

பெரியவர்கள் பெரிய விஷயங்களை எழுதிவிட்டீர்கள். நான் கிரேன் பழுதுபார்க்கப் போனவன். தென்கிழக்கு ஈரானில் சாபஹாருக்கு வெளியே நெடுஞ்சாலையில் நீல நிற ஜம்யாத் பிக்கப்கள் நிறைய டீசல் பீப்பாய்களோடு பாகிஸ்தான் எல்லைப் பக்கம் பறக்கும். மோதினால் தீப்பந்துதான். கடத்தல் டீசல் அது; கொண்டுபோகிறவர்களை ஊரில் 'சூக்த்பர்', அதாவது எரிபொருள் சுமப்பவர், என்பார்கள். ஓட்டுபவர்கள் பலூச் பையன்கள். சிலருக்கு மீசைகூட அரும்பியிருக்காது. தேநீர்க் கடையில் பழக்கமான ஒருவனிடம் பயமில்லையா என்று கேட்டேன். மழை பொய்த்து ஆடு மாடு போய்விட்டது, வேறு வேலை எங்கே என்று திருப்பிக் கேட்டான். 2021 பிப்ரவரியில் சராவான் எல்லையில் இவர்களைப் போன்றவர்களைப் படையினர் சுட்டதில் குறைந்தது பத்துப் பேர் இறந்தார்கள். செய்தி வந்தபோது நான் ஊர் திரும்பிவிட்டேன். அந்தப் பையனின் எண்ணுக்கு அழைத்துப் பார்த்தேன், எடுக்கவில்லை. அணு உலையைப் பற்றி அவன் என்னிடம் ஒருமுறைகூடப் பேசியதில்லை.

மகளைத் தெஹ்ரானுக்குப் படிக்க அனுப்பிய தாய்

ஐயா எழுதிய 60 சதவீதம்தான் 2025 ஜூனில் என் மகள் தலைக்கு மேல் விமானங்களாக வந்தது. 13ஆம் தேதி இஸ்ரேல் தாக்கத் தொடங்கியதும் மாணவர்களைப் பஸ்ஸில் கோம் நகருக்கும் அங்கிருந்து மஷ்ஹத்துக்கும் கொண்டுபோனார்கள். வழியில் ஒவ்வொரு பங்க்கிலும் கார் வரிசை, குழந்தைகளோடு குடும்பங்கள் சாலையோரத்தில் காத்துக் கிடந்தார்கள் என்றாள். தண்ணீரும் பிஸ்கட்டும் கொடுத்தது அந்த வரிசையில் நின்றவர்கள்தானாம்.

அவள் தங்கியிருந்த வீட்டுக்கார அம்மா ஊரைவிட்டுப் போகவில்லை. கோடையில் தினமும் மின்வெட்டு, லிப்ட் நின்றுவிடுவதால் நாலு மாடி ஏறி இறங்குகிறேன் என்று எழுதியிருந்தார். தாக்கியவர்கள் மேல் எவ்வளவு கோபமோ அவ்வளவு கோபம் தன் ஆட்சியாளர்கள் மேலும் அந்தக் கடிதத்தில் இருந்தது. அவருக்கு வேண்டிய இதய மருந்து அங்கே சரியாகக் கிடைப்பதில்லை. இங்கிருந்து முறைப்படி அனுப்ப வழி தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள்.