‘குறை ஊடுருவல்’ வேண்டாம். ‘சிறுதுளைச் சத்திரசிகிச்சை’ என்போம்

அன்புள்ள நண்பர்களுக்கு,

சுவாசப்பைக் கட்டிகளை நெஞ்சை அகலத் திறக்காமல் அகற்றும் முறைக்கு (minimally invasive surgery) முன்மொழியப்பட்ட ‘குறை ஊடுருவல் அறுவை’ என்ற பெயரை, கிளிநொச்சிப் பக்கத்து நோயாளருக்காக எழுதுபவன் என்ற முறையில் என்னால் ஏற்க முடியவில்லை.

அயல் இழையங்களுக்குள் புகுந்து பரவும் புற்றை ஏற்கெனவே ‘ஊடுருவும் புற்று’ என்றே குறிக்கிறோம். ஆகவே சம்மதப் படிவத்தில் ‘குறை ஊடுருவல்’ என்று படிக்கும் ஒருவர், தமது கட்டிதான் அதிகம் பரவவில்லை என்று தவறாக ஆறுதல் கொள்ளக்கூடும். மேலும், ‘ஆழ ஊடுருவும்’ என்பது, இராணுவத்தின் ஆழ ஊடுருவும் அணியைக் குறித்துப் போர்க்காலத்தில் வன்னி மக்கள் அச்சத்தோடு கேட்ட தொடர். எறிகணைத் துண்டை இன்னும் நெஞ்சில் சுமப்பவரிடம் அச்சொல்லை நீட்ட எனக்கு மனம் வரவில்லை.

திறந்த முறையில் விலாக்களுக்கிடையே நீளமாக வெட்டி, விலா என்புகளை விரித்துப் பிடிக்கிறார்கள். அப்போது விலாவிடை நரம்புகள் நசிவதால் வலி சிலருக்கு மாதக்கணக்கில் நீடிக்கிறது. புதிய முறையிலோ விலாக்களை விரிக்காமல், ஒன்று முதல் நான்கு வரையான சிறு துளைகளை இட்டு, அவற்றினூடாகக் கமராவையும் நீண்ட கருவிகளையும் செலுத்தி, அந்தப் பக்கச் சுவாசப்பையைக் காற்றின்றிச் சுருங்கவிட்டு, குருதிக் கலன்களையும் சுவாசக் கிளைக்குழாயையும் துண்டித்து, கட்டியுள்ள பகுதியைப் பையொன்றில் இட்டு வெளியே எடுக்கிறார்கள். எனவே ‘சிறுதுளைச் சத்திரசிகிச்சை’ என்பதே பொருந்தும். துளைகள் சென்ரிமீற்றர் அளவின என்பதால் ‘நுண்துளை’ மிகையாகும். கருவிகளைக் கையால் இயக்கிச் செய்வதற்கு முன்னே ‘காணொளி’ என்று சேர்த்தால் ரோபோக் கருவிகொண்டு செய்வது தனியே நிற்கும்.

‘எளிய சத்திரசிகிச்சை’ என்ற யோசனையை நான் வன்மையாக மறுக்கிறேன். வெளிக்காயம் சிறிதே தவிர, உள்ளே அகற்றப்படுவது சிறிதன்று. வலச் சுவாசப்பையில் சோணைகள் எனப்படும் பெரும் பிரிவுகள் மூன்றும் இடச் சுவாசப்பையில் இரண்டும் உள்ளன; அவற்றில் ஒன்றை முழுதாக எடுப்பதுடன், அருகிலுள்ள நிணநீர்க் கணுக்களையும் பரிசோதனைக்காக எடுக்க வேண்டியிருக்கும். குருதிப்பெருக்கு ஏற்பட்டாலோ, சுவாசப்பை நெஞ்சுச் சுவரோடு கடுமையாக ஒட்டியிருந்தாலோ இடைநடுவில் திறந்த முறைக்கு மாறவும் நேரும். பழைய காசநோயோ நெஞ்சுக் காயமோ உள்ளவர்களில் இவ்வொட்டுதல் அதிகம் என்பதால், எங்கள் பகுதிக்கு இது முக்கியமான செய்தி.

ஆகவே முழுப் பெயராகச் ‘சிறுதுளைவழிச் சோணையகற்றல்’ என்பதை முன்வைக்கிறேன். சோணையின் ஒரு கூற்றை மட்டும் எடுப்பதற்குக் ‘கூறகற்றல்’ போதுமா, ‘சோணைக்கூறகற்றல்’ என்றே விரித்து எழுத வேண்டுமா என்பதில் உங்கள் கருத்தை எதிர்பார்க்கிறேன்.