இணையவழி விரிவுரைகள்: உங்களுக்கு நேர்ந்த அனுபவம் என்ன?

முத்தையன்கட்டு மாணவி:
2020 மார்ச்சில் கொரோனாவால் இலங்கையின் பல்கலைக்கழக வளாகங்கள் மூடப்பட்டபின் சூம் விரிவுரைகள் நடந்த விதத்தை இங்கு எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. வீட்டுக்குள் சிக்னல் நிற்காது என்பதால் குளக்கட்டில் இருந்துதான் நான் படித்தேன். ஒருநாள் விரிவுரையாளர் என் பெயரைச் சொல்லிக் கேள்வி கேட்டார். முழுப் பதிலையும் சொல்லி முடித்த பிறகே இணைப்பு அறுந்திருப்பதைக் கண்டேன். மீண்டும் உள்ளே நுழைந்தபோது, "இந்தப் பிள்ளை சூமைப் போட்டுவிட்டுப் படுத்துவிட்டது போலும்" என்ற அவருடைய குரல்தான் முதலில் கேட்டது. அரட்டைப் பெட்டியில் சிரிப்புக் குறிகள் வரிசையாக விழுந்துகொண்டிருந்தன. அந்த அரையாண்டு முழுவதும் நான் பிறகு வாய் திறக்கவேயில்லை.

மல்லாவி, பழைய மாணவன்:
தங்கச்சியின் வேதனை நியாயமானது. ஆனால் மாணவர்கள் இணையவழிக் கல்வியை வெறுத்தார்கள் என்று இதை வைத்து முடிவுகட்ட முடியாது. உயர்தரம் வரை தமிழில் படித்துவிட்டு ஆங்கிலத்தில் பொறியியல் படிக்கப் போன எனக்கு, மண்டபத்தில் கையை உயர்த்தி இன்னொருமுறை சொல்லும்படி கேட்கத் துணிவிருந்ததில்லை. பதிவுசெய்த விரிவுரையையோ, அப்பாவுடன் வயல்வேலை முடித்து வந்த இரவுகளில், விளங்கும்வரை திருப்பித் திருப்பிக் கேட்டேன். பல்கலைக்கழகங்களை இணைக்கும் லேர்ன் வலையமைப்பினூடான சூமுக்கு அப்போது டேட்டாக் கட்டணமும் அறவிடப்படவில்லை.

முத்தையன்கட்டு மாணவி:
அண்ணா, சிக்னல் இல்லாத இடத்தில் இலவச டேட்டாவை என்ன செய்வது? நான் எழுதியதும் வெறுப்பைப் பற்றியல்ல. பேசாமல் இருந்தவர்களை அக்கறையில்லாதவர்கள் என்று எடுத்துக்கொண்டதைப் பற்றியே.

கிளிநொச்சி, செய்முறைப் போதனாசிரியர்:
ஈரமண்ணைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் நாடாவாக நசித்துக் களித்தன்மை அறியும் செய்முறையைக் காணொளியாக அனுப்பியிருந்தோம். ஒரு மாணவி தன் வீட்டு வயல்மண்ணில் அதைச் செய்து, சில்வர் தட்டில் நீட்டிவைத்துப் படமெடுத்து, "முறியவில்லை சேர், சரியா?" என்று கேட்டிருந்தார். வகுப்பில் ஒருநாளும் கமராவைத் திறக்காதவர் அவர்.

இன்றும் இணையவழியில் படிப்பவர்களுக்குச் சில விடயங்கள். குறிப்புகளை முதல்நாளே மூடில் என்ற கற்றல் தளத்தில் இருந்து தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். சிக்னல் குறைந்தால் காணொளியை நிறுத்திக் குரலை மட்டும் கேளுங்கள். குரல் போகாத இடத்திலும் எழுத்து பெரும்பாலும் போய்ச் சேரும் என்பதால் பதிலை அரட்டைப் பெட்டியில் எழுதுங்கள். 2022 மின்வெட்டை நினைத்து, தொலைபேசியை முன்கூட்டியே சார்ஜ் செய்து வையுங்கள். இணைப்பு அறுந்தால் வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் உடனே தெரிவியுங்கள். வரவு பதிபவருக்கு அது உதவும்.