ஸ்க்ரால் சா: வெட்டின எழுத்து மேல வரமாட்டேங்குது, கீழ தான் விழுது, பிளேடும் உடையுது. உதவி ப்ளீஸ்

ஈரோடு_ரம்பம்

எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு வாரமா மண்டை காயுது, தெரிஞ்சவங்க சொல்லுங்க. போன தீபாவளிக்கு 16 இஞ்ச் ஸ்க்ரால் சா (மெல்லிசு பிளேடு மேலயும் கீழயும் ஓடி மரத்த வளைவு வளைவா வெட்டுற மெஷின்) ஒண்ணு வாங்கினேன், கம்பெனி பேரெல்லாம் வேணாம், சாதாரண மெஷின் தான். இதுவரைக்கும் சாவி ஸ்டாண்டு, பாப்பாவுக்கு யானை ஜிக்சா பசில்னு 4 மிமீ ப்ளைவுட்ல ஏதோ பண்ணிட்டு இருந்தேன், ஒரு தொல்லையும் இல்ல. இப்ப தங்கச்சி வீட்டு கிரகப்பிரவேசத்துக்கு "முல்லை இல்லம்"னு பேர்ப்பலகை பண்ணித் தரேன்னு வாய விட்டுட்டேன், 12 மிமீ ப்ளைவுட்ல ஒவ்வொரு எழுத்தா வெட்டி ஒரு பலகை மேல ஒட்டுற மாதிரி, எழுத்து 3 இஞ்ச் உயரம், அங்க இருந்து தான் சனி புடிச்சுது.

முதல்ல, எழுத்த வெட்டி முடிச்சா மேல தூக்க வரல, கீழ தள்ளினா தான் விழுது. விழுந்தத திருப்பிப் பாத்தா முன்பக்கத்த விட பின்பக்கம் 1 மிமீக்கு மேல தடியா இருக்கு. அப்புறம் கோடு போட்ட இடத்துல போகாம வலது பக்கமாவே ஓடுது, நேரா தள்ளினாலும் அப்படித்தான். பிளேடு இதுவரைக்கும் 9 உடைஞ்சிருச்சு, எல்லாமே கீழ பின் (பிளேட மாட்ட அதோட நுனில குறுக்க குத்தியிருக்கிற குட்டிக் கம்பி) இருக்கிற இடத்துல டப்புனு. கடைசியா, 'லை'ல முன்னாடி வர்ற ரெண்டு சுழிய வெட்டணும், பின் பிளேடு நுழையவே 5 மிமீ ஓட்டை போடணும், சுழியே 6 மிமீ தான் இருக்கு!

மெஷின் தான் ஓட்டையா? வித்துட்டு வேற வாங்கட்டுமா? ஃபங்ஷனுக்கு இன்னும் 18 நாள் இருக்கு.

சும்மா_பாக்க_வந்தேன்

ப்ரோ பேசாம கம்ப்யூட்டர் மெஷின்ல வெட்டித் தர்ற சிஎன்சி கடையில குடுத்து லேசர்ல வெட்டி வாங்கிடுங்க, ஒரு மணி நேர வேலை.

பட்டறை_பையன்

மேல சொன்னவர் கேள்வியையே படிக்கல போல. அவரு கையால பண்ணணும்னு தானே கேக்குறாரு.

ப்ரோ, மெஷின விக்காதீங்க. நீங்க சொன்னது நாலும் நாலு தனி விஷயம், ஒண்ணா போட்டு குழப்பிக்காதீங்க. முதல்ல அந்த எழுத்து கீழ விழுற கதை. டேபிள் பிளேடுக்கு 90 டிகிரில இல்லனா வெட்டு சாய்ஞ்சு தான் போகும், அப்ப ஒரே சுத்துல வெட்டின துண்டு ஆப்பு மாதிரி ஆயிடும், ஒரு பக்கமா தான் கழண்டு வரும். 4 மிமீ பலகையில இது கண்ணுக்கே தெரியாது, கனம் கூடினா தான் காட்டிக்குடுக்கும். 3 டிகிரி சாய்வு இருந்தா 12 மிமீ கனத்துல ஒரு ஓரத்துக்கு 0.6 மிமீ, ரெண்டு ஓரமும் சேத்தா நீங்க சொன்ன அதே கணக்கு வருது பாருங்க.

ஆனா டேபிள்ல கை வைக்கறதுக்கு முன்னாடி ஒரு டெஸ்ட் பண்ணுங்க. ஒரு வேஸ்ட் துண்டுல ரெண்டு வட்டம் வரைஞ்சு ஒண்ண கடிகார முள் சுத்துற பக்கமா வெட்டுங்க, இன்னொண்ண எதிர்ப்பக்கமா. ஒண்ணு கீழ மட்டும், இன்னொண்ணு மேல மட்டும் வந்தா டேபிள் சாய்வு தான், சந்தேகமே வேணாம். ரெண்டும் எங்கயாவது ஒரு இடத்துல புடிச்சுக்கிட்டு தாறுமாறா வந்தா உங்க கை பிளேட சைடுல அமுக்குதுனு அர்த்தம்.

ஈரோடு_ரம்பம்

ஆனா டேபிள் கீழ இருக்கிற டிகிரி ஸ்கேல் கரெக்டா 0ல தானே நிக்குது ப்ரோ? அத நான் தொட்டதே இல்ல.

பழைய_ஆசாரி

தம்பி, அந்த ஸ்கேல நம்பினா குடிமுழுகிப் போயிரும். அது ஒரு தகர முள்ளு, கப்பல்ல குலுங்கி, லாரில குலுங்கி வந்திருக்கு. நான் 30 வருஷமா மரவேலை பாக்குறேன், ஸ்க்ரால் சா வாங்கி 6 வருஷம் தான் ஆவுது, அதுக்கு முன்ன கை ரம்பத்துல தான் பூ வேலை எல்லாம், வில்லு மாதிரி சட்டத்துல மெல்லிசா பிளேடு கட்டி, பலகைய மேசை ஓரத்துல வச்சு அறுக்கறது. அதுலயும் இதே 5 இஞ்ச் பின் இல்லாத பிளேடு தான்.

மட்டம் பாக்கறது இப்படி. மரத்துண்டு ஒண்ணு ரெண்டு இஞ்ச் கனமா எடுத்துக்க, ரீப்பர் துண்டு போதும். மெஷின ஓட விட்டு அதுல லேசா ஒரு கீறல், 2 மிமீ ஆழம் போதும், அறுத்துட்டு மெஷின நிப்பாட்டு. துண்ட தூக்காம டேபிள் மேலயே இழுத்து அப்படியே பிளேடுக்குப் பின்னால கொண்டு போய் அந்தக் கீறல பிளேடு முதுகுல பொருத்திப் பாரு. நழுவி உள்ள உக்காந்தா டேபிள் மட்டமா இருக்கு. கீழ தொட்டு மேல இடிச்சா, இல்ல மேல தொட்டு கீழ இடிச்சா, சாஞ்சிருக்கு. அந்த வித்தியாசத்துல பாதி தான் உண்மையான கோணல், அத மனசுல வச்சு டேபிள திருப்பு. சின்ன மூலைமட்டம் இருந்தா பிளேடு பக்கத்துல வச்சும் பாக்கலாம், ஆனா பிளேட நல்லா இழுத்து மாட்டின பிறகு பாரு, தொளதொளனு இருக்கும்போது பாத்து ஒரு பிரயோசனமும் இல்ல.

கோலக்காரி

பிளேடு உடையுறத பத்தி நான் சொல்றேன். நான் சிக்குக் கோலம் டிசைன்ல சூடான பாத்திரம் வைக்கிற பலகை வெட்டி விக்கிறேன், ஒரு கோலத்துக்கே 30, 40 ஓட்டைக்குள்ள பிளேட நுழைச்சு எடுக்கணும், பின் பிளேடோட ஆரம்பத்துல நானும் அழுதிருக்கேன். பின் பிளேடு பட்டையா தடியா தான் வரும், வளைவுல திரும்பாது, நாம முறுக்குவோம், முறுக்கினா பின் குத்தின இடம் தான் பலவீனமான இடம், அங்க உடையும். உங்க மெஷின்ல பின் இல்லாத பிளேட புடிக்கிற கிளாம்ப் மாத்துற வசதி இருக்கும், பெட்டிக்குள்ள ரெண்டு குட்டி இரும்புத் துண்டும் ஆலன் கீயும் கிடக்கும், தேடிப் பாருங்க, நெறைய பேரு அத என்னன்னே தெரியாம குப்பையில போட்டுடுவாங்க.

பின் இல்லாத பிளேடுல 5ஆம் நம்பர் வாங்குங்க, 12 மிமீக்கு அது போதும், சுழிக்கு மட்டும் 3. ஓட்டை 1.5 மிமீ ட்ரில் பிட்ல போட்டா தாராளமா நுழையும். ரிவர்ஸ் டூத் கேட்டு வாங்குங்க, கீழ் பக்கம் பிசிறு அடிக்காது. மாட்டும்போது பல்லு கீழ பாத்து இருக்கணும், விரல்ல மேல இருந்து கீழ தடவினா வழுக்கும், கீழ இருந்து மேல தடவினா கடிக்கும். கடைசில இருக்கிற நாலஞ்சு பல்லு மட்டும் தலைகீழா இருக்கும், பிளேடு மேல வரும்போது அதுல ரெண்டு பல்லு டேபிளுக்கு மேல தலை காட்டணும்.

வலது பக்கம் இழுக்கிறது உங்க தப்பு இல்ல. பிளேடு செய்யும்போதே ஒரு ஓரத்துல பிசிறு நின்னுடுது, அந்தப் பக்கம் கொஞ்சம் அதிகமா வெட்டும். நேர்கோடு ஒண்ணு போட்டு, பலகைய எந்தக் கோணத்துல புடிச்சா கோட்டுலயே போகுதுனு பாருங்க, அப்புறம் அதே கோணத்துல தள்ளுங்க. ரெண்டு நாள்ல கை தானா பழகிடும், நமக்கே தெரியாது.

ஈரோடு_ரம்பம்

அப்டேட். ஞாயித்துக்கிழமை முழுக்க இதே வேலை, வீட்டுக்காரி முறைச்சிட்டே காபி குடுத்தா.

பட்டறை_பையன் சொன்ன ரெண்டு வட்டம் டெஸ்ட்: ஒண்ணு கீழ, இன்னொண்ணு மேல! ஆசாரி அண்ணே, கீறல் வச்சுப் பாத்தா நல்லாவே இடிச்சுது, ஸ்கேல்ல 0 காட்டும்போது நிஜத்துல ரெண்டு டிகிரிக்கு மேல சாய்ஞ்சு நின்னிருக்கு. திருப்பி முடுக்கினேன், இப்ப வட்டம் எந்தப் பக்கம் தள்ளினாலும் போகுது வருது, அத பத்து தடவ உள்ள போட்டு வெளிய எடுத்து விளையாடிட்டு இருந்தேன்.

அந்த ரெண்டு இரும்புத் துண்டு பெட்டில தான் இருந்துச்சு, தெர்மாகோலுக்கு அடியில. மாட்டிட்டேன். ஆனா புது சிக்கல்: பின் இல்லாத பிளேடு மாட்டி ஓட்டினா அரை நிமிஷத்துல கிளாம்புல இருந்து உருவிக்கிட்டு வந்துடுது. எவ்வளவு முடுக்கினாலும். ஆலன் கீயே வளைஞ்சிடும் போல.

பழைய_ஆசாரி

முடுக்காத தம்பி, மரை போயிரும். புது பிளேடு மேல துருப்பிடிக்காம இருக்க எண்ணெய் பூசி தான் அனுப்புவான். ரெண்டு நுனியையும் உப்புத்தாள்ல நாலு இழுப்பு இழுத்து, துணில தின்னர் தொட்டுத் துடைச்சிட்டு மாட்டு. கிளாம்புக்குள்ளயும் துடை, மரத்தூள் அடைஞ்சு கிடக்கும். மாட்டின பிறகு பிளேட வீணை தந்தி மாதிரி சுண்டிப் பாரு, 'டிங்'குனு கேக்கணும். 'தொப்'புனு கேட்டா இன்னும் இழு.

ஈரோடு_ரம்பம்

அண்ணே கும்பிடுறேன். எண்ணெய் தான். இப்ப அசையல. ஒரே பிளேடுல 'மு'வும் 'ல்'லும் முடிச்சிட்டேன்.

இன்னொரு சந்தேகம், கேக்கவே வெக்கமா இருக்கு. புள்ளி. 'ல்' ரெண்டு, 'ம்' ஒண்ணு, மொத்தம் மூணு புள்ளி, ஒவ்வொண்ணும் 12 மிமீ வட்டம். வெட்டி முடியுற நேரத்துல டக்குனு தூக்கி எறியுது, ஒண்ணு டேபிள் ஓட்டைக்குள்ள விழுந்து காணாமலே போச்சு. விரல கிட்ட கொண்டு போகவும் பயமா இருக்கு.

பட்டறை_பையன்

ஹாஹா. அந்தக் காலத்துல ஓலைச்சுவடில எழுதறவங்களும் புள்ளி வைக்காம விட்டுடுவாங்க, எழுத்தாணி குத்தினா ஓலை கிழிஞ்சிடும்னு. உங்க பிரச்சனை பரம்பரை பிரச்சனை.

விரல கொண்டு போகாதீங்க, அது நல்ல பயம் தான். பெரிய துண்டுக்கு அடியில டபுள் சைடு டேப் போட்டு மெல்லிசு ப்ளைவுட் ஒண்ண ஒட்டி ரெண்டையும் சேத்து வெட்டுங்க, கைப்பிடிக்க பெரிய பலகை இருக்கும். டேபிள் ஓட்டைக்கு, காலாவதியான ஏடிஎம் கார்டுல பிளேடு போற அளவுக்கு மட்டும் ஓட்டை போட்டு டேப் வச்சு ஒட்டிடுங்க, சின்னத் துண்டு உள்ள விழாது.

கோலக்காரி

எதுக்கு இவ்வளவு கஷ்டம். 12 மிமீ உருண்டை குச்சி ஹார்டுவேர் கடையில கிடைக்கும், அத அப்பளம் மாதிரி சின்னக் கை ரம்பத்துல அறுத்துக்கோங்க, மூணு புள்ளி ரெடி, வட்டமும் சுத்தமா இருக்கும். ஸ்க்ரால் சாவுல உருண்டை குச்சிய அறுக்காதீங்க, உருண்டுடும்.

எழுத்துக்கும் புள்ளிக்கும் நடுவுல ஒரு மெல்லிசு கழுத்து விட்டு டிசைனே மாத்தறவங்களும் இருக்காங்க. எனக்கு அது புடிக்காது, புள்ளி தொங்குற மாதிரி இருக்கும்.

ஆமா, பலகை வெளிய மாட்டப் போறீங்களா? மழை படுமா? கமர்ஷியல் ப்ளைவுட்னா அது ஐஎஸ் 303 (ஐஎஸ்னா இந்தியத் தர எண்), ஈரம் லேசா தான் தாங்கும், ரெண்டு மழையில ஓரம் விரிஞ்சிடும். வெளியனா ஐஎஸ் 710 முத்திரை இருக்கிற மரைன் ப்ளைவுட் தான் சரி.

ஈரோடு_ரம்பம்

ஐயோ, நான் வாங்கினது 303 தான். ஆனா போர்டிகோவுக்குள்ள நிலைக்குப் பக்கத்துல தான் மாட்டப் போறோம்னு தங்கச்சி சொல்லுது, சாரல் கூட வராதாம். ஓரத்துக்கெல்லாம் சீலர் ரெண்டு கோட்டு அடிச்சிடுறேன்.

குச்சி ஐடியா சூப்பர் அக்கா, இப்ப தான் அறுத்து முடிச்சேன், மூணுக்கு அஞ்சா அறுத்து வச்சுக்கிட்டேன். தொலைஞ்ச அந்தப் பழைய புள்ளியும் கிடைச்சிடுச்சு, மெஷினுக்கு அடியில மரத்தூள் அள்ளும்போது.

புதுசா_சேந்தவன்

எனக்கும் பிளேடு உடையுது அண்ணா, ஆனா நடுவுல உடையுது, தேக்குல. என்ன பண்ண?

பழைய_ஆசாரி

அது வேற வியாதி. தேக்கு பிளேட சீக்கிரம் மொக்கையாக்கும், நீ மொக்கை பிளேட அமுக்கித் தள்ளுற. பிளேட மாத்து, தள்ளாத. தனி இழை போடு, விவரமா சொல்றேன்.