கழுத்து வலியும் ஒற்றைத் தலைவலியும்: பிசியோதெரபி பலன் தருமா?

காவேரிப்பட்டணம் தையல்:
வணக்கம். வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறேன், முகூர்த்த மாதம் வந்துவிட்டால் காலையில் மெஷினில் உட்கார்ந்தால் ராத்திரிதான் எழுந்திருப்பது. குனிந்தே கொக்கி வைத்து வலது பக்கப் பிடரி கல்லாக இறுகிவிடுகிறது, அங்கிருந்து ஏறி நெற்றிப்பொட்டில் தெறிக்க ஆரம்பித்தால் டியூப்லைட் வெளிச்சம்கூட ஆகாது, குமட்டல் வேறு. டாக்டர் மைக்ரேன், அதாவது ஒற்றைத் தலைவலி என்றார். மாமியார் சுளுக்கு எடுக்கப் போகலாம் என்கிறார், பக்கத்து வீட்டு அக்கா பிசியோவிடம் போகச் சொல்கிறார். கழுத்தைச் சரிசெய்தால் தலைவலியும் போய்விடுமா?

தர்மபுரி பிசியோ:
சகோதரி, முதலில் ஒன்று. கழுத்தை வெடுக்கென்று திருப்பிச் சொடக்கு எடுக்க யாரையும் விடாதீர்கள். மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்களில் இரண்டு கழுத்தெலும்புத் துளைகள் வழியாகத்தான் ஏறுகின்றன, அரிதாக அது கிழிந்து பக்கவாதம் வரை போனதுண்டு.

கழுத்தின் மேல் மூன்று நரம்புகளும் முகம், நெற்றிக்கான நரம்பும் மூளைத்தண்டில் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன. அதனால் பிடரி வலி கண்ணுக்கு மேல் தெரியும், மைக்ரேன் வலி பிடரியிலும் தெரியும். பலருக்கு மைக்ரேன் தொடங்குவதே கழுத்துப் பிடிப்பாகத்தான், ஆக எல்லாப் பழியையும் கழுத்தின் மேல் போட முடியாது. பிசியோ செய்தால் இறுக்கம் குறையும், சிலருக்குத் தலைவலி வரும் நாட்களும் குறையும், ஆனால் மைக்ரேனை வேரோடு எடுத்துவிடாது. டாக்டர் மருந்தும் கூடவே வேண்டும்.

வீட்டில் செய்ய: சுவரில் முதுகு ஒட்டி உட்கார்ந்து, முகத்தை நிமிர்த்தாமல் குனியாமல் மோவாயை நேராகப் பின்னுக்கு இழுத்து, ஐந்து எண்ணி விடுங்கள். பத்து தடவை போதும். அப்புறம் தோள்பட்டை எலும்புகள் இரண்டையும் பின்னால் நெருக்கிப் பிடித்து விடுங்கள். வலி ஏறியிருக்கும்போது எதுவும் வேண்டாம், இருட்டறையில் படுங்கள்.

ஓசூர் கம்பெனி:
அக்கா, எனக்கும் இதே கதைதான், அசெம்பிளி லைன் வேலை. நான் முதலில் போன இடத்தில் கரண்டும் ஒத்தடமும் வைத்து அனுப்பிவிடுவார்கள், வீட்டில் செய்ய ஒன்றும் சொல்லித்தரவில்லை, கேட் தாண்டுவதற்குள் மறுபடி இறுகிவிடும். பயிற்சி சொல்லிக்கொடுக்கும் ஆளாகப் பார்த்துப் போங்கள். மெஷின் ஸ்டாண்டின் நாலு காலுக்கும் அடியில் ஆடாத பலகைக்கட்டை கொடுத்துக் கொஞ்சம் உயர்த்துங்கள், துணி கண்ணுக்குப் பக்கத்தில் வந்தால் கழுத்து தானாக நிமிரும். ஒரு பிளவுஸ் முடிந்ததும் எழுந்து ஒரு நடை நடந்துவிட்டு அடுத்ததைத் தொடுங்கள்.

காவேரிப்பட்டணம் தையல்:
ரொம்ப நன்றி. மெடிக்கலில் வாங்கும் வலி மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போடுகிறேன், அது பரவாயில்லையா?

தர்மபுரி பிசியோ:
பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன். சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, இரண்டு மூன்று மருந்து கலந்த மாத்திரை என்றால் 10 நாளோ, மூன்று மாதத்துக்கு மேல் போட்டு வந்தால் மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும். டாக்டரிடம் இதை மறைக்காமல் சொல்லுங்கள், வராமல் தடுக்கும் மருந்து தனியாக இருக்கிறது. கிருஷ்ணகிரி அரசு மருத்துவமனையில் பிசியோதெரபி பற்றியும் அப்போதே விசாரியுங்கள்.

தலைவலி இடி விழுந்த மாதிரி திடீரென வந்தாலோ, கை மரத்தாலோ, பேச்சு குழறினாலோ, காய்ச்சலோடு கழுத்து விறைத்தாலோ பயிற்சியெல்லாம் பார்க்காதீர்கள், உடனே 108.