மேடையில் வாசிக்க பெரிய சிந்த்தா, சின்ன சிந்த்தா? லேப்டாப் வேறு கரகரவென்கிறது

குடியாத்தம் கீபோர்டு:
எல்லோருக்கும் வணக்கம். கோயில் திருவிழா, கல்யாண மேடைகளில் வாசிக்கும் மெல்லிசைக் குழு ஒன்றில் கீபோர்டு என் பொறுப்பு. கீபோர்டில் கூடவே வந்த ஒலிகள் அலுத்துவிட்டன. அதை வெறும் மிடி கீபோர்டாக (எந்தச் சுரத்தை அமுக்கினேன் என்ற தகவலை மட்டும் அனுப்புவதாக) வைத்துக்கொண்டு, ஒலியை லேப்டாப்பில் ஓடும் சிந்த்தில், அதாவது சிந்தசைசர் மென்பொருளில் இருந்து எடுக்கலாம் என்று இறங்கியிருக்கிறேன். ஆடி பிறந்துவிட்டால் மூச்சுவிட நேரம் இருக்காது. அதற்குள் ஒரு முடிவுக்கு வர வேண்டும்.

லேப்டாப்: ஐ5, 8 ஜிபி ராம், விண்டோஸ் 10. யுஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் இருக்கிறது. ரீப்பர் என்ற ரெக்கார்டிங் மென்பொருளில் வைட்டல் என்ற சிந்த்தைப் போட்டு வாசிக்கிறேன். பஃபர் (ஒரு தடவைக்குக் கணக்கிடும் ஒலித் துண்டின் அளவு) 128.

வீட்டில் எந்தத் தொல்லையும் இல்லை. போன நிகழ்ச்சியில் பேட் ஒலியில் (பின்னணியில் நீண்டு நிற்கும் மெத்தென்ற ஒலி) கார்டு (பல சுரம் சேர்ந்தது) பிடித்து மாற்றும்போதெல்லாம் எண்ணெயில் கடுகு பொரிகிற மாதிரி சத்தம். பாட்டு பாதியில் இருக்கும்போதே கீபோர்டின் சொந்த ஸ்டிரிங்ஸுக்கு மாறிக்கொண்டேன்.

எங்கள் குழுவில் ரிதம் பேட் (எலக்ட்ரானிக் தாளக் கருவி) வாசிக்கும் அண்ணன், "இவ்வளவு பெரிய சிந்த் மேடைக்கு எதுக்கு? டால் நாய்ஸ்மேக்கர் மாதிரி சின்னதா ஒண்ணு போடு" என்கிறார். இன்னொரு நண்பர் சர்ஜ் எக்ஸ்டிதான் சரி என்கிறார். எனக்கு வேண்டியது மூன்று ஒலிதான்: பேட், பிராஸ் (டிரம்பெட் வகை), நாதஸ்வரச் சாயலில் ஒரு லீட் (மெட்டை எடுத்து வாசிக்கும் ஒலி). மூன்று சிந்த்தும் இலவசம், அதனால் காசு ஒரு கேள்வியே இல்லை. எதைப் பிடித்துக்கொள்வது?

காட்பாடி ஜங்ஷன்:
சிந்த்தை அப்புறம் பார்க்கலாம் தம்பி. அதே லேப்டாப், அதே சிந்த், வீட்டில் ஓடுகிறது, மேடையில் பொரிகிறது. அப்படியென்றால் மேடையில் ஏதோ ஒன்று மாறியிருக்கிறது. சார்ஜர் போட்டிருந்தாயா? லேப்டாப்பை எதன் மேல் வைத்திருந்தாய்? பேட் வைட்டலோடு வந்த ஒலியா, வெளியே இறக்கியதா?

குடியாத்தம் கீபோர்டு:
சார்ஜர் போடவில்லை அண்ணே. அன்றைக்கு ஜெனரேட்டர் லைன். சார்ஜரைச் சொருகினால் ஸ்பீக்கரில் "ம்ம்ம்ம்" என்று ஹம் வந்தது. சவுண்டு சர்வீஸ்காரர் சார்ஜரைப் பிடுங்கச் சொன்னார், ஹம் நின்றுவிட்டது. பிறகு முழுக்க பேட்டரிதான். மேஜை மேல் வெல்வெட் துணி விரித்திருந்தார்கள், அதன் மேல்தான் லேப்டாப். பேட் ஒலி எங்கோ இலவசமாக இறக்கிய தொகுப்பில் இருந்தது.

காட்பாடி ஜங்ஷன்:
சரி, மூன்று கேள்விக்கும் பதில் சிக்கிவிட்டது.

சார்ஜரைப் பிடுங்கியதும் விண்டோஸ் பேட்டரியை மிச்சம் பிடிக்க புராசஸர் வேகத்தைக் குறைக்கும். பஃபர் 128 சாம்பிள் (சாம்பிள் என்பது ஒலியின் ஒரு புள்ளி) என்றால், விநாடிக்கு 44,100 சாம்பிள் கணக்கில் ஏறக்குறைய 2.9 மில்லிசெகண்ட். ஒவ்வொரு 2.9 மில்லிசெகண்டுக்குள்ளும் அடுத்த துண்டு ஒலியை புராசஸர் கணக்குப் போட்டுக் கொடுத்தாக வேண்டும். ஒரு முறை பிந்தினால் ஒரு "டிக்". தொடர்ந்து பிந்தினால் நீ கேட்ட பொரிச்சல். வெல்வெட் துணி வேறு அடியில் காற்றுப் போகும் துளைகளை அடைத்துவிடும். நம்ம ஊர் கோடையில் ராத்திரி பத்து மணிக்கும் மேடை அனல்தான். சூடு ஏறினால் புராசஸர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

செய்ய வேண்டியது: பேட்டரியில் ஓடும்போதும் பவர் மோடை முழு செயல்திறனில் வை. வைஃபையை அணை. லேப்டாப்பை இரண்டு மரக்கட்டை மேலாவது தூக்கி வை. பஃபரை 256 ஆக்கு. தாமதம் ஏறக்குறைய 5.8 மில்லிசெகண்ட் ஆகும், அதற்காகப் பயப்படாதே. மானிட்டர் ஸ்பீக்கர் உன் காதிலிருந்து 2 மீட்டர் தள்ளி இருந்தால் காற்றில் வருவதற்கே அவ்வளவு நேரம் ஆகிறது.

ஹம்முக்குச் சரியான மருந்து சார்ஜரைப் பிடுங்குவது இல்லை. இன்டர்ஃபேஸுக்கும் மிக்சருக்கும் நடுவே கிரவுண்ட் லிஃப்ட் (ஒலிக் கம்பியின் எர்த் இணைப்பை மட்டும் துண்டிக்கும்) பொத்தான் உள்ள டிஐ பாக்ஸ் (ஒலியை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் பெட்டி) ஒன்றைப் போடு. டிரான்ஸ்ஃபார்மர் வைத்ததாகப் பார்த்து வாங்கு. சிலர் பிளக்கில் எர்த் பின்னை உடைத்துவிட்டுச் சொருகுவார்கள். அதை மட்டும் செய்யவே செய்யாதே. ஜெனரேட்டர் லைனில், வேர்த்த கையோடு, இரும்பு ஸ்டாண்டைத் தொட்டுக்கொண்டு நிற்கிறவன் நீதான்.

ஆற்காடு மோனோ:
இன்னாப்பா இது, மூணு ஒலிக்கு இவ்வளவு பஞ்சாயத்தா? 1982-இல் வந்த ஜூனோ-60 சிந்த்தைப் பாருங்கள். ஒரு குரலுக்கு (ஒலிக்கும் ஒரு சுரத்துக்கு) ஒரே ஆசிலேட்டர் (மூல அலையை உண்டாக்குவது), அதோடு கீழ் ஸ்தாயியில் ஒலிக்கும் ஒரு சப். மொத்தமே ஆறு குரல். ஃபில்டருக்கும் சத்த அளவுக்கும் சேர்த்து ஒரே என்வலப் (எழுந்து அடங்கும் வடிவம்). கடைசியில் ஒலியை அகலமாக்க ஒரு கோரஸ். இவ்வளவுதான் அந்தப் பெட்டி. அந்தப் பேட் ஒலியைத்தான் இன்றைக்கும் எல்லோரும் நகல் எடுக்கிறார்கள். அடுத்த வருடமே டிஎக்ஸ்7 சிந்த் வந்தது. அலை உண்டாக்க ஆறு ஆபரேட்டர், அவற்றை இணைக்க 32 அல்காரிதம். வாங்கினவர்களில் பாதிப் பேர் உள்ளே போய் ஒரு எண்ணைக்கூட மாற்றியிருக்க மாட்டார்கள், கூட வந்த ஒலியையே வாசித்துவிட்டுப் போனார்கள். சின்னதைப் போடு, கட்-ஆஃப் (ஃபில்டர் வெட்டத் தொடங்கும் இடம்) குமிழ் எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் அளவுக்குப் பழகு. முடிந்தது.

சத்துவாச்சாரி அக்கா:
மோனோ சார் சொல்வதில் பழகு என்பது மட்டும் எனக்குச் சம்மதம். சின்னது என்பதால் மேடைக்கு ஏற்றது என்று ஆகிவிடாது. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன் தம்பி.

முதலில் அந்த பேட். வைட்டலில் அதைத் திறந்து, யூனிசன் (ஒரே சுரத்தை எத்தனை நகலாக அடுக்குகிறது) எவ்வளவு, ரிலீஸ் (விரலை எடுத்த பிறகு ஒலி அடங்கும் நேரம்) எவ்வளவு என்று பார். இலவசத் தொகுப்பு செய்கிறவர்கள் ஒற்றைச் சுரம் தட்டினாலே ஆளை அசத்த வேண்டும் என்று எல்லாவற்றையும் ஏற்றி வைத்திருப்பார்கள். உதாரணத்துக்கு இரண்டு ஆசிலேட்டர், ஒவ்வொன்றிலும் யூனிசன் 12 என்று வை. நான்கு சுரக் கார்டு ஒன்றுக்கு 4 × 2 × 12, அதாவது 96 ஆசிலேட்டர் ஒரே நேரத்தில் ஓடுகிறது. ரிலீஸ் 5 விநாடி, நீ 2 விநாடிக்கு ஒரு கார்டு மாற்றுகிறாய் என்றால், மாற்றும் கணத்தில் முந்தைய மூன்று கார்டும் இன்னும் அடங்கியிருக்காது. புதியதோடு சேர்த்து நான்கு கார்டு, 384 ஆசிலேட்டர். கார்டு மாற்றும்போது மட்டும் பொரிந்தது என்றாயே, அதற்குக் காரணம் இதுதான்.

யூனிசனை 4 ஆக்கு, ரிலீஸை ஒன்றரை விநாடிக்கு இறக்கு. இப்போது எந்த நேரத்திலும் இரண்டு கார்டுக்கு மேல், அதாவது எட்டுச் சுரத்துக்கு மேல் ஒலிக்காது, 8 × 2 × 4, 64-இல் நிற்கிறது. அட்வான்ஸ்டு பக்கத்தில் ஓவர்சாம்பிளிங்கை (ஒலியை இன்னும் நுணுக்கமாகக் கணக்கிடும் அமைப்பு) ஒரு படி குறை. உள்ளே இருக்கும் ரிவெர்பை அணைத்துவிடு, மிக்சரில் எப்படியும் எக்கோ போடுவார்கள். திறந்தவெளியில், தவிலும் ரிதம் பேடும் அதிரும்போது, யூனிசன் 12-க்கும் 4-க்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கும் ஆள் முன்வரிசையில் கிடையாது.

ஆக, பெரிய சிந்த் என்பதாலேயே அது கனமாக இருப்பதில்லை, அதில் யாரோ செய்த ஒலி கனமாக இருக்கிறது. இனிஷியலைஸ் கொடுத்து வெற்று ஒலியில் இருந்து ஆரம்பித்தால் வைட்டலும் சாதுதான்.

இப்போது எதைத் தேர்வது. நீ கேட்ட மூன்று ஒலியில் பேட்டும் லீடும் ஒரே பாட்டில் வருமா? இடது கையில் பேட், வலது கையில் நாதஸ்வர லீட்? வரும் என்றால் என் ஓட்டு சர்ஜ் எக்ஸ்டிக்கு. அதில் ஏ, பி என்று இரண்டு சீன் (தனித்தனி ஒலி அமைப்பு). கீ ஸ்பிளிட் போட்டால் ஒரு சுரத்துக்குக் கீழே ஏ, மேலே பி. ஏ-வை பாலியாக (பல சுரம் ஒன்றாக ஒலிக்கும்படி) பேட்டுக்கு விடு. பி-யை மோனோவாக்கி (ஒரு நேரத்தில் ஒரே சுரம்), விரல் ஒட்டி வாசித்தால் மட்டும் சறுக்கும் போர்ட்டமென்டோவை வை. பிட்ச் பெண்ட் (வீலைத் தள்ளினால் சுருதி வளையும்) அளவும் சீனுக்குச் சீன் தனி. ஏ-வில் 0, பி-யில் 2 என்று வைத்துவிட்டால், லீடில் கமகத்துக்காக வீலைத் தள்ளும்போது கீழே பேட் சுருதி விலகாமல் நிற்கும். இதை ஒரே ஒரு சிந்த் திறந்து செய்துவிடலாம். நாய்ஸ்மேக்கரிலோ வைட்டலிலோ இதையே செய்ய இரண்டு டிராக் போட்டு, மிடியைப் பிரித்துவிட்டு, எந்த டிராக் திறந்திருக்கிறது என்று இருட்டில் தேட வேண்டும். எளிமை எங்கே இருக்கிறது சொல்.

ஆற்காடு மோனோ:
சர்ஜின் திரையைப் பார்த்தீர்களா மேடம்? எறும்பு ஊர்கிற மாதிரி எழுத்து. மேடையில் எவன் படிப்பான்?

சத்துவாச்சாரி அக்கா:
திரையைப் பெரிதாக்க மெனுவில் ஜூம் இருக்கிறது சார். அதோடு மேடையில் திரையைப் பார்க்கவே கூடாது. சர்ஜில் எட்டு மேக்ரோ (நாம் விரும்பிய அமைப்பைக் கட்டிக்கொள்ளும் குமிழ்) உண்டு, வைட்டலில் நான்கு. தேவையான இரண்டு மூன்றை கீபோர்டு குமிழில் கட்டிவிட்டால் போதும். பேட் வெளிச்சம், லீட் கூர்மை, எக்கோ. மீதியெல்லாம் வீட்டில் ஒலி செய்யும்போது மட்டும்தான் வேலைக்கு வரும்.

ஆனால் ஒன்று. சிந்த்தில் ஒலி எப்படிப் பிறக்கிறது என்று தம்பி இதுவரை பழகவில்லை என்றால், இப்போதைக்கு நாய்ஸ்மேக்கரில் உட்காருவது நல்லது. அதில் தெரிந்துகொண்டது எல்லாம் சர்ஜுக்கு அப்படியே பொருந்தும். கற்கிற இடத்தில் உங்கள் பேச்சுக்கு நான் எதிர்ப்பேச்சு பேசவில்லை.

வாணியம்பாடி பேஸ்:
நடுவில் வருகிறேன். நாதஸ்வர ஒலிக்கு சாம்பிள் (நிஜ வாத்தியத்தைப் பதிவு செய்த ஒலி) தொகுப்பு எதையாவது இறக்கினால் போதாதா?

காட்பாடி ஜங்ஷன்:
நீண்ட ஒற்றைச் சுரத்துக்குப் போதும். கமகம் வைத்தால் சாம்பிள் காட்டிக்கொடுத்துவிடும். ஒவ்வொரு சுரமும் தனித்தனியாகப் பதிவானது, இரண்டுக்கும் நடுவே இழுக்கும்போது ஓட்டை தெரியும். சிந்த்தில் அந்தத் தொல்லை இல்லை. அச்சு அசல் நாதஸ்வரமாகவும் அது இருக்காது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

சாயல் கொண்டுவர: ஒரே ஆசிலேட்டர், பல்ஸ் அலை (மேலே, கீழே என்று சட்டென மாறும் அலை), அகலம் (மேலே இருக்கும் பங்கு) 20 சதவீதம். 50 சதவீதத்தில் இரட்டைப்படை ஹார்மோனிக்ஸ் (சுரத்தோடு சேர்ந்து ஒலிக்கும் மேல் அதிர்வுகள்) காணாமல் போய் கிளாரினெட் மாதிரி உள்ளே வெற்றாக ஒலிக்கும். 20-இல் ஐந்தின் மடங்குகள் மட்டுமே விடுபடுகின்றன, மற்றவை எல்லாம் இருப்பதால் சீவாளி ஊதுகிற அந்த மூக்குச் சத்தம் வருகிறது. ஃபில்டர் லோ-பாஸ், கட்-ஆஃப் பாதிக்குக் கொஞ்சம் மேலே, கீ டிராக்கிங் (சுரம் ஏற ஏற கட்-ஆஃபும் ஏறுவது) முழுசாக. அட்டாக் (ஒலி எழும் நேரம்) உடனடியாக வேண்டாம், 30 மில்லிசெகண்ட் விடு. சறுக்கல் 60 மில்லிசெகண்ட். எல்எஃப்ஓவை (மெதுவாக ஆட்டும் அலை) சுருதிக்குக் கட்டி, ஆட்டத்தின் ஆழத்தை மாட் வீலில் (பிட்ச் வீல் பக்கத்துச் சக்கரம்) வை. எப்போதும் ஆடிக்கொண்டே இருந்தால் பாம்பாட்டி மகுடி ஆகிவிடும்.

இதில் சொன்ன ஒவ்வொன்றும் நாய்ஸ்மேக்கரிலும் உண்டு, சர்ஜிலும் உண்டு.

குடியாத்தம் கீபோர்டு:
அண்ணே, அக்கா, சார், எல்லோருக்கும் நன்றி. பார்த்ததைச் சொல்கிறேன். சார்ஜரைப் பிடுங்கி பவர் மோடு மாற்றாமல் வாசித்தேன், வீட்டிலேயே பொரிந்தது. மோடை மாற்றி, பஃபரை 256 ஆக்கியதும் பாதி அடங்கியது. பேட்டில் யூனிசன் 14 இருந்தது! 4 ஆக்கி, ரிலீஸ் குறைத்த பிறகு துளி சத்தம் இல்லை. டிஐ பாக்ஸ் சவுண்டு சர்வீஸ்காரரிடமே ஒன்று சும்மா கிடந்திருக்கிறது, கேட்டால் கொடுக்கிறேன் என்கிறார்.

லீட் ஒலியை நாய்ஸ்மேக்கரில் செய்து பார்த்தேன், எங்கள் தவில் மாமா கேட்டுவிட்டு "ஏதோ ஒத்து ஊதுற மாதிரி இருக்கு" என்றார். அதையே பாராட்டாக எடுத்துக்கொண்டேன். அதே எண்களை சர்ஜில் பி சீனில் போட்டு ஸ்பிளிட்டும் வைத்துவிட்டேன். பிராஸுக்குத் தனி பேட்ச் (சேமித்து வைத்த ஒலி). ஆடிக்கு சர்ஜ்தான், வைட்டல் வீட்டில் ரெக்கார்டிங்குக்கு.

கடைசியாக ஒரு சந்தேகம். எங்கள் பாடகர் ஒரு பாட்டு 4 கட்டை சுருதி என்பார், அடுத்ததற்கு 3 போதும் என்பார். கட்டையை எங்கே மாற்றுவது? கீபோர்டிலா, சிந்த்திலா?

காட்பாடி ஜங்ஷன்:
கீபோர்டின் டிரான்ஸ்போஸ் (சுருதி மாற்றும்) பொத்தான் மிடியையும் மாற்றி அனுப்புகிறதா என்று முதலில் பார். சில கீபோர்டு தன் சொந்த ஒலியை மட்டும் மாற்றும். அனுப்பினால் அதிலேயே செய், கை அங்கேதான் இருக்கிறது. ஸ்பிளிட் எந்த சுரத்தில் பிரிகிறது என்பதும் கூடவே நகரும், அதை மறந்துவிடாதே. அனுப்பாவிட்டால் ரீப்பரோடு வரும் மிடி டிரான்ஸ்போஸ் பிளக்-இன்னை சர்ஜுக்கு முன்னால் போட்டு ஒரு குமிழில் கட்டு. எதில் மாற்றினாலும் விரலை எடுத்துவிட்டு மாற்று. அமுக்கியபடி மாற்றினால் பழைய சுரம் நிற்காமல் தொங்கும், அதற்கு ரீப்பரில் எல்லா நோட்டையும் அணைக்கும் கட்டளை இருக்கிறது, அதையும் ஒரு பொத்தானில் வைத்துக்கொள்.